சதுர அடி ரேட்டுக்கு வெளியே: எல்லையோரக் கட்டுமான நிறுவனங்களில் லாபம் எங்கே கசிகிறது, எந்த மாற்றம் பலன் தருகிறது?

வேலந்தாவளம் எஸ்டிமேட்டர்:

பொள்ளாச்சி, கோபாலபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் என்று எல்லையின் இரண்டு பக்கமும் வேலை எடுக்கிற சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். லாபம் குறைகிறது என்றதும் பெரும்பாலோர் முதலில் யோசிப்பது மெஷின். மிக்ஸர், பூச்சு மெஷின், லேசர் லெவல் என்று வாங்குகிறார்கள். வேலை வேகமாகிறது, கையில் நிற்கும் பணம் மட்டும் மாறுவதில்லை. காரணம், லாபத்தைத் தீர்மானிப்பது அக்ரிமென்டில் இருக்கிறது. பொருளை யார் வாங்குவது, பணம் எப்போது வருவது, விலை ஏறினால் யார் தலையில் விழுவது, நாம் விற்பது முழு வீடா, கூலியா, மேற்பார்வையா. இந்த நான்கையும் மாற்றுவதைத்தான் பிசினஸ் மாடலை மாற்றுவது என்கிறேன். மெஷின் அதற்குப் பிறகு.

சதுர அடி ரேட் எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். கணக்குக்காக 1,500 சதுர அடி தரைத்தள வீடு, 2,400 ரூபாய் ரேட், மொத்தம் 36 லட்சம். செலவு 32.4 லட்சம், லாபம் 3.6 லட்சம் என்று வைப்போம். கைக்கணக்கில் சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், 4 கிலோ கம்பி. அதாவது 600 மூட்டை, 6 டன். வேலை நடக்கிற மாதங்களில் கம்பி கிலோவுக்கு 8 ரூபாய் ஏறினால் 48,000. சிமென்ட் மூட்டைக்கு 40 ரூபாய் ஏறினால் 24,000. சேர்த்து 72,000. லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று, இத்தனைக்கும் சைட்டில் ஒரு தப்பும் நடக்கவில்லை.

அடுத்தது பேஸ்மென்ட் உயரம். ரேட் சொல்லும்போது மனதில் 2 அடி. மனை ரோட்டைவிடத் தாழ்வு, வீட்டுக்காரர் மூன்றரை அடி கேட்கிறார். கூடுதல் ஒன்றரை அடிக்குச் சுவர் தனி. உள்ளே நிரப்புகிற மண்ணே சுவர் போக 20 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) பக்கம் வரும். எழுதாத அக்ரிமென்டில் இது முழுக்க நம் செலவு.

சித்தூர் மேஸ்திரி:

சொல்றது சரிதானுங்க அண்ணா. ஆனா வீட்டுக்காரர் போன் பண்ணுனதும் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், சதுர அடிக்கு என்ன ரேட்டுங்க. ஐட்டம் ரேட்டு, கன மீட்டர் அப்படின்னு ஆரம்பிச்சா அடுத்த ஆளுக்குப் போன் போட்டுருவாங்க. ரேட்டே சொல்லாம எப்படி வேலை பிடிக்கறது?

வேலந்தாவளம் எஸ்டிமேட்டர்:

சதுர அடி ரேட்டைச் சொல்லுங்கள் தம்பி, அதை நிறுத்த வேண்டாம். அந்த ரேட்டுக்குள் என்ன அடக்கம் என்று இரண்டு பக்கம் எழுதிச் சேருங்கள். தரைமட்டத்திலிருந்து பேஸ்மென்ட் எத்தனை அடி, அஸ்திவாரக் குழி எத்தனை அடி ஆழம் வரை, செங்கல்லா வெட்டுக்கல்லா ஏஏசி பிளாக்கா (எடை குறைந்த கான்கிரீட் கல்), மின்சார பாயின்ட் எத்தனை, ஜன்னல் மொத்தப் பரப்பு எவ்வளவு, டைல்ஸ் சதுர அடிக்கு எந்த விலை வரை. இதைத் தாண்டினால் என்ன ரேட் என்று பக்கத்திலேயே ஒரு வரி. வேலை நடுவில் பேசினால் சண்டை வரும். முதல் நாளே எழுதினால் அது வெறும் விலைப்பட்டியல்.

விலை ஏற்றத்துக்கு ஒரு பிரிவு போதும். அக்ரிமென்ட் தேதியில் சிமென்ட், கம்பி விலை இவ்வளவு. 5 சதவீதம் வரை ஏறினாலும் இறங்கினாலும் கணக்கில்லை. அதற்கு மேல் போனால் வித்தியாசத்தை வீட்டுக்காரர் தருவார், இறங்கினால் நாம் கழிப்போம். முக்கியம், இந்தக் கணக்கு 600 மூட்டைக்கும் 6 டன்னுக்கும் மட்டும்தான் என்று அளவைப் பூட்டிவிட வேண்டும். 650 மூட்டை இறங்கினால் அந்த 50 நம்முடையது. விலை நம் கையில் இல்லை, வீட்டுக்காரர் ஏற்கட்டும். சேதாரம் நம் கையில் இருக்கிறது, அதை நாம் ஏற்கிறோம். இப்படிச் சொன்னால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள், இறங்கினால் கழிப்பதையும் எழுதியிருக்கிறோமே.

தளம்_கம்பி:

அதே தாளில் கான்கிரீட் கவரையும் (கம்பிக்கு வெளியே அதை மூடுகிற கான்கிரீட்டின் கனம்) எழுதுங்கள். ஸ்லாபுக்கு 20 மிமீ, பீமுக்கு 25, தூணுக்கு 40, அஸ்திவார ஃபுட்டிங்குக்கு 50. "தரமான வேலை" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை.

மீனாட்சிபுரம் சைட்:

பணம் வருகிற நேரம் பற்றி விரிவாக எழுத முடியுமா சார்? மூன்று சைட் சேர்ந்து ஓடினால் எப்போதும் ஒரு சைட்டின் பணம் இன்னொரு சைட்டுக்குப் போகிறது. எந்த சைட் லாபம், எந்த சைட் நஷ்டம் என்று கடைசி வரை தெரிவதில்லை.

வேலந்தாவளம் எஸ்டிமேட்டர்:

அதே வீட்டை எடுக்கிறேன். ஆறு கட்டச் செலவு (லட்சத்தில்): அஸ்திவாரம் முதல் பேஸ்மென்ட் 5.4, லிண்டல் (கதவு ஜன்னலின் மேல்மட்டம்) வரை சுவர் 4.6, மேல்சுவரும் ஒட்டும் (கூரைக் கான்கிரீட் தளம்) 6.6, பூச்சும் பைப்பும் 5.6, தரையும் கதவு ஜன்னலும் 6.4, பெயின்ட், ஃபிட்டிங், ஒப்படைப்பு 3.8. கூட்டினால் 32.4.

வழக்கமான அக்ரிமென்டில் அட்வான்ஸ் 1.8, பிறகு ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் 4.2, 5, 7, 6, 6, கடைசியில் 6. மொத்தம் 36. ஒவ்வொரு தவணை வருவதற்கு முந்தைய நாள் நம் கைப்பணம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது? பேஸ்மென்டில் 3.6, லிண்டலில் 4, ஒட்டு போட்டதும் 5.6, பூச்சில் 4.2, தரையில் 4.6, ஒப்படைக்கும்போது 2.4. உச்சம் 5.6 லட்சம். மூன்று வீட்டிலும் ஒட்டு ஒரே மாதத்தில் வந்தால் 16.8 லட்சம் வேண்டும். இல்லாதவர் ரெண்டு வட்டிக்கு வாங்குகிறார், அல்லது அடுத்த சைட் அட்வான்ஸில் கை வைக்கிறார். நீங்கள் கேட்ட குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

இப்போது தவணையைக் கட்டத்தின் தொடக்கத்துக்கு நகர்த்துங்கள். பேஸ்மென்ட் தொடங்கும்போது 5, சுவர் தொடங்க 5, ஒட்டுக்கு 7, பூச்சுக்கு 6.5, தரைக்கு 7, பெயின்ட்டுக்கு 4, சாவி கொடுக்கும்போது 1.5. அதே 36 லட்சம். கட்ட முடிவில் நிலுவை என்ன? முதல் கட்டத்தில் நம் பணம் 40,000 உள்ளே. இரண்டாவதில் சரிக்குச் சரி. மூன்றாவதில் 40,000 நம் பக்கம் மிச்சம், பிறகு 1.3, 1.9, 2.1 லட்சம், சாவி நாளில் 3.6. லாபம் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. முடங்குகிற சொந்தப் பணம் 5.6 லட்சத்திலிருந்து 40,000 ஆகிவிட்டது. அதே முதலை வைத்துக்கொண்டு வட்டிக்குப் போகாமல் இன்னும் இரண்டு வீடு எடுக்கலாம். மெஷின் எதுவும் இதைச் செய்து தராது.

மீனாட்சிபுரம் சைட்:

வீட்டுக்காரர் ஏன் முன்பணம் தர வேண்டும்? பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் காணாமல் போன கதைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அப்புறம் ஹோம் லோன். வங்கி கட்டம் முடிந்து வேல்யூவர் (வங்கியின் மதிப்பீட்டாளர்) வந்து பார்த்த பிறகுதான் பணம் விடும். உங்கள் அட்டவணை ரொக்கமாகக் கட்டுகிற வீட்டுக்கு மட்டும் பொருந்துமோ?

வேலந்தாவளம் எஸ்டிமேட்டர்:

இரண்டும் நியாயமான கேள்வி. லோன் விஷயத்தை முதலில் சொல்கிறேன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் தரலாம், 30 லட்சம் வரை 90 சதவீதம். மீதி வீட்டுக்காரரின் சொந்தப் பங்கு, அதை வங்கி முதலில் செலவழிக்கச் சொல்லும். அந்தப் பங்கை நம் முதல் கட்டத்துக்கு முன்பணமாக வைக்க வேண்டும். 36 லட்சத்தில் சொந்தப் பங்கு 7 லட்சம் என்றால், முதல் தவணை 5 வந்துவிடுகிறது, 2 லட்சம் சுழல் பணமாக நிற்கிறது. பேஸ்மென்ட் முடிந்து வங்கி விடுகிற பணம் சுவர்க் கட்டத்தின் தொடக்கத் தவணையாகிறது. வங்கியின் கட்டப் பட்டியலை வாங்கி, நம் தவணைக் கட்டங்களை அதே பெயரில் எழுத வேண்டும். "லிண்டல்" என்று அவர்கள் வைத்திருக்க, நாம் "சன்ஷேட் வரை" என்று எழுதினால் வேல்யூவர் ரிப்போர்ட்டும் நம் பில்லும் பொருந்தாமல் இரண்டு மூன்று வாரம் வீணாகும்.

நம்பிக்கைக்கு வழி, கட்டங்களைச் சிறிதாக்குவது. ஆறு பெரிய தவணைக்குப் பதில் பன்னிரண்டு. எந்த நேரத்திலும் வீட்டுக்காரரின் பணம் மூன்று லட்சத்துக்கு மேல் நம்மிடம் முன்கூட்டி இருக்காது என்று எழுதிக் கொடுக்கலாம். கம்பியையும் சிமென்டையும் கடைக்கு அவரே நேராகக் கட்டலாம், அந்தத் தொகை தவணையில் கழியும். அவர் தரப்பு இன்ஜினியர் ஒருவர் கட்டத்துக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போடட்டும், அந்தச் செலவை நாமே ஏற்கலாம். 5.6 லட்சத்துக்கு ரெண்டு வட்டி என்றால் மாதம் 11,200. அதோடு ஒப்பிட்டால் இன்ஜினியர் செலவு சின்னது.

எல்லைக் கணக்கு:

வரிப் பக்கத்தைச் சேர்க்கிறேன், மாடலை மாற்றும்போது பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

பொருளோடு சேர்த்து வீடு கட்டிக் கொடுத்தால் அது ஒர்க்ஸ் கான்ட்ராக்ட், ஜிஎஸ்டி 18 சதவீதம். வீட்டுக்காரர் அதற்குக் கிரெடிட் எடுக்க, அதாவது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. 36 லட்சத்துக்கு 6.48 லட்சம் வரி. நாம் வாங்குகிற சிமென்ட், கம்பி, டைல்ஸ் மீதான வரியைக் கழித்துக்கொள்ளலாம். சிமென்ட் 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, பழைய எஸ்டிமேட்டில் 28 வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

பொருள் முழுவதையும் வீட்டுக்காரர் வாங்கி, நாம் கூலி மட்டும் எடுத்தால், தனி வீடு ஒன்றைப் புதிதாகக் கட்டுகிற வேலைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அடுக்குமாடிக்குக் கிடையாது, பழைய வீட்டு ரிப்பேருக்கும் கிடையாது. ஆனால் "கூலி இவ்வளவு, மேற்பார்வைக் கட்டணம் இவ்வளவு" என்று பில்லைப் பிரித்தால் மேற்பார்வைக் கட்டணம் தனிச் சேவை, அதற்கு 18 சதவீதம் கேள்வி வரும். ஆணி, பைண்டிங் கம்பி, தார்ப்பாய் என்று நம் பில்லில் பொருள் நுழைந்தால் "கூலி மட்டும்" என்கிற தகுதியே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இந்த மாடலுக்கு ஒரு விலை உண்டு. 36 லட்சமாக இருந்த டர்ன்ஓவர் 11, 12 லட்சமாகச் சுருங்கிவிடும். லாபம் அதே அளவு இருந்தாலும் வங்கி தரும் ஓவர்டிராஃப்ட் வரம்பு டர்ன்ஓவரைப் பார்த்துத்தான் வரும். அரசு டெண்டர் தகுதிக்கும் முந்தைய ஆண்டுகளின் டர்ன்ஓவர் வேண்டும். டெண்டருக்குப் போகிற எண்ணம் இருப்பவர்கள் எல்லா வேலையையும் கூலிக்கு மாற்றிவிடக் கூடாது.

எல்லை தாண்டும்போது: கட்டடம் எங்கே நிற்கிறதோ அந்த மாநிலம்தான் சப்ளை நடந்த இடம். தமிழ்நாட்டுப் பதிவை வைத்து கொழிஞ்சாம்பாறையில் வேலை செய்தால் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டுகிற வேலைக்கான ஜிஎஸ்டி). அங்கே நிலையான அலுவலகம், ஆட்கள், ஸ்டாக் என்று அமைத்துவிட்டால் கேரளப் பதிவு எடுக்க வேண்டும். மாநிலம் தாண்டுகிற சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கு வண்டிக்கான மின்னணுச் சீட்டு). தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் வரை சலுகை இருக்கிறதே என்று அந்தப் பழக்கத்தில் வண்டியை அனுப்பி வாளையாறு, கோபாலபுரம் பக்கம் நிற்க வைத்துவிடாதீர்கள். ஜல்லி, எம் சாண்டுக்கு நடைச்சீட்டும் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

சித்தூர் மேஸ்திரி:

பொருள் வீட்டுக்காரரோடதுன்னா நமக்கு மிச்சம் பிடிக்கணும்கற அக்கறையே போயிருமுங்களே. சாந்து கொட்டிக் கெடந்தா யார் அள்ளுவாங்க?

வேலந்தாவளம் எஸ்டிமேட்டர்:

அதற்குத்தான் இலக்குச் செலவு வைப்பது. மொத்தச் செலவு இலக்கு 34 லட்சம், நம் கட்டணம் தனி என்று எழுதுங்கள். 33-இல் முடிந்தால் மிச்சமான 1 லட்சத்தில் 50,000 நமக்கு, 50,000 அவருக்கு. 34-ஐத் தாண்டினால் கூடுதலில் பாதியை நம் கட்டணத்திலிருந்து கழிக்கலாம், கட்டணத்தில் பாதிக்கு மேல் கழியாது என்று வரம்பு. பில் எல்லாம் ஒரே கோப்பில், வாராவாரம் இருவரும் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் நடுவில் டைல்ஸை மாற்றினால் இலக்கும் அதே நாளில் மாற வேண்டும். அந்த மாற்றத்தை எழுதாமல் விடுவதால்தான் இந்த மாடல் பெரும்பாலும் தோற்கிறது.

தளம்_கம்பி:

சாந்து விஷயத்தில் இன்னும் அடியில் ஒரு காரணம் இருக்கிறது. உள்பூச்சு 12 மிமீ, 1:5 கலவை என்றால் 100 சதுர அடிக்குச் சுமார் முக்கால் மூட்டை சிமென்ட். சுவர் தூக்குக் குண்டுக்கு நிற்கவில்லை என்றால் பூச்சுக்காரர் அதை 20 மிமீ வரை போட்டு நேராக்குவார், ஒன்றேகால் மூட்டை ஆகிவிடும். 5,000 சதுர அடிப் பூச்சுக்கு 25 மூட்டை சிமென்ட் கூடுதல், மணல் தனி. கனமான பூச்சு பிறகு வெடிப்பு விடும்.

தப்பு செய்தது கட்டுவேலைக் குழு, செலவு பூச்சு வேலைக் கணக்கில். கட்டுவேலைக்கு ஒரு மேஸ்திரி, பூச்சுக்கு வேறு மேஸ்திரி என்று தனித்தனியாகக் கூலி பேசுகிற வரை கட்டுகிறவருக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டையும் ஒரே குழுவுக்கு ஒரே பேக்கேஜாகக் கொடுத்து, பூச்சுக்கு இத்தனை மூட்டை என்று அளவு வைத்து, மிச்சத்தில் கால் பங்கு குழுவுக்கு என்று சொல்லிப் பாருங்கள். சுவர் நேராக எழும்பும். சூப்பர்வைசர் நாள் முழுக்கக் கத்தி நடக்காதது கூலி அமைப்பை மாற்றியதும் நடக்கும்.

சென்ட்ரிங்கிலும் (கான்கிரீட் இறுகும் வரை அடியில் தாங்குகிற ஷீட், முட்டு) அப்படித்தான். 1,200 சதுர அடி ஒட்டுக்கு 3-க்கு 2 அடி ஷீட் 200, மூன்றடிக்கு ஒன்றாக ஜாக்கி (முட்டுக் கம்பம்) 130, 140. ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிப்படி 4.5 மீட்டர் வரை ஸ்பேன் (தாங்கல்களுக்கு இடையிலான நீளம்) உள்ள ஸ்லாபுக்கு ஜாக்கி 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் 6 மீட்டர் வரை 14, தாண்டினால் 21. இது சாதாரண ஓபிசி சிமென்டுக்கு. நம் பக்கம் மெதுவாக வலுப்பெறுகிற, சாம்பல் கலந்த பிபிசிதான் அதிகம், கூடுதலாக விடுங்கள். பொருத்துவது, பிரிப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு செட் மூன்று வாரம் ஒரே வீட்டில் மாட்டிக்கொள்கிறது. ஆனால் அதே விதி ஸ்லாப் ஷீட்டை 3 நாளில் எடுக்க விடுகிறது, ஜாக்கியை உடனே திரும்ப முட்டுக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஜாக்கி இரண்டு செட், ஷீட் ஒரு செட் என்று வைத்தால் ஷீட் வேகமாகச் சுழலும். இங்கே உயிர்த் தப்பு ஒன்று நடக்கிறது. ஹால் முழுக்க ஜாக்கியை ஒரேயடியாக எடுத்துவிட்டு, மாலையில் வந்து திரும்ப முட்டுகிறார்கள். பச்சைக் கான்கிரீட் அதற்குள் தொங்கிவிடும், பிறகு முட்டினால் அந்தத் தொங்கலோடுதான் நிற்கும். ஒரு வரிசை ஷீட் எடு, அந்த வரிசையை முட்டு, பிறகு அடுத்த வரிசை.

சொந்த செட் வைத்திருப்பவர்கள் அதைத் தனி வாடகைக் கணக்காக்கி, தங்கள் சைட்டுக்கும் வாடகை போட்டு எழுத வேண்டும். அப்போதுதான் ஒரு சைட்டில் பத்து நாள் சும்மா கிடந்தால் அது செலவாகக் கண்ணில் படும்.

மீனாட்சிபுரம் சைட்:

செல்ஃப் லோடிங் மிக்ஸர் வாங்கலாமா, பிளான்டில் கலந்து வண்டியில் வருகிற ரெடிமிக்ஸ் போதுமா?

தளம்_கம்பி:

உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். தவணையும் டிரைவரும் டீசலும் சேர்த்து மாதம் 90,000 என்று வைத்தால், கன மீட்டருக்கு 500 ரூபாய் மிச்சப்பட்டாலும் 180 கன மீட்டர் ஓட வேண்டும். 1,200 சதுர அடி, 125 மிமீ ஒட்டு பீமோடு சேர்த்து 18 கன மீட்டர். மாதம் பத்து ஒட்டு! மூன்று சைட் நடத்துகிறவருக்கு இது வராது. மற்ற கான்ட்ராக்டர்களுக்கு வாடகைக்கு விடுவதே தொழில் என்று முடிவு செய்தால் மட்டும் வாங்கலாம். இல்லையென்றால் 6 கன மீட்டர் வண்டி மூன்று, ரெடிமிக்ஸ். லோட் ஏற்றி 2 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும், பிளான்டிலிருந்து சைட்டுக்கு எவ்வளவு நேரம் என்பதை மதிய நெரிசலில் பாருங்கள். காய்ந்த கலவையில் டிரைவர் தண்ணீர் ஊற்றினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

சித்தூர் மேஸ்திரி:

ஆளுங்களைப் பத்தியும் பேசணுமுங்க. நல்ல கொத்தனார் ஒரு சைட்டு முடிஞ்சதும் வேற பக்கம் போயிடறார். மறுபடி புது ஆளு, மறுபடி முதல்லிருந்து சொல்லிக் கொடுக்கணும்.

எல்லைக் கணக்கு:

இதற்குக் கேரளத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. வடகரையில் 1925-இல் சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் ஆத்மவித்யா சங்கத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளிகளே உறுப்பினர், இயக்குநர்களையும் அவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் சங்கம் தேசிய நெடுஞ்சாலை 66-இல் தலப்பாடி முதல் செங்களா வரையான ஆறு வழிப் பகுதியைப் போட்டது. அவர்களின் பலம் மெஷினில் மட்டும் இல்லை. ஆள் மாறாததால் கற்ற வேலை சங்கத்துக்குள்ளேயே தங்குகிறது, மிச்சம் வந்தால் அதில் பங்கு உண்டு என்று வேலை செய்கிறவருக்குத் தெரியும்.

எல்லோரும் கூட்டுறவுச் சங்கம் தொடங்கச் சொல்லவில்லை. அரசு வேலை தொடர்ந்து கிடைக்கிற சூழலும் அவர்களுக்கு உதவியது. சிறு நிறுவனம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒரு துண்டுதான். நான்கைந்து முக்கியமான ஆட்களுக்கு, சைட் முடிந்ததும் அந்த சைட் லாபத்தில் 10 சதவீதத்தை நாள்கணக்கில் பிரித்துத் தருவது. பாதி உடனே, பாதி அடுத்த சைட் ஒட்டு போடும்போது. மேலே சொன்ன வீட்டில் அது 36,000. புது ஆளின் பூச்சுச் சேதாரமே அதில் பாதியைத் தின்றுவிடும்.

மீனாட்சிபுரம் சைட்:

முழு வீட்டை விட்டு ஒரே பொருளில் இறங்குவது எப்படி? ரெடிமேட் காம்பவுண்ட் சுவர் இந்தப் பக்கம் நன்றாக ஓடுகிறது.

வேலந்தாவளம் எஸ்டிமேட்டர்:

நல்ல மாடல். வேலை மழையில் நிற்பதில்லை, கொட்டகைக்குள் வார்க்கலாம். பில் சிறியது, இரண்டு மூன்று நாளில் சைட் முடியும், பணம் உடனே வரும். 7 அடிக்கு ஒரு தூண், ஓரடி உயரப் பலகை என்றால் 300 அடி நீளம், 5 அடி உயரத்துக்கு 43 இடைவெளி, 44 தூண், 215 பலகை.

கெட்டுப்போகிற இடம் மண். சித்தூர் கிழக்குப் பக்கம், கொழிஞ்சாம்பாறை சுற்றி கரிசல் மண். கோடையில் பிளக்கும், மழையில் ஊதும். செம்மண்ணில் போடுவது போல ஒன்றரை அடி குழியில் தூணை நட்டு மண் தள்ளினால் இரண்டு மழையில் சுவர் சாயும். குழியை ஆழப்படுத்தி, தூணைச் சுற்றிக் கான்கிரீட் போட வேண்டும். அதனால் கரிசலுக்குத் தனி ரேட், செம்மண்ணுக்குத் தனி ரேட். ஒரே ரேட் சொல்கிறவர் கரிசலில் இழப்பார்.

கேரளப் பக்கம் இறக்கினால் சுமட்டுத் தொழிலாளர் (சுமை ஏற்றி இறக்குகிறவர்கள்) விஷயம் உண்டு. பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் கேட்கிற நோக்குக்கூலி 2018 மே 1 முதல் அங்கே இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது. ஆனால் பதிவு பெற்ற தொழிலாளர்கள் இறக்கும் கூலி முறையான செலவு. அந்தப் பகுதி ரேட்டை முன்கூட்டிக் கேட்டு, இறக்குக் கூலி யாருடையது என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள். வண்டி வாசலில் நிற்கும்போது பேச ஆரம்பித்தால் அந்த நாளே போச்சு.

எல்லைக் கணக்கு:

மழை மாத வருமானத்துக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் நல்ல வழி. பாலக்காடு மாவட்டத்தில் உரிமையாளர் வளைகுடாவில், வீடு பூட்டியபடி என்பது நிறைய. வருடம் இரண்டு வருகை: இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன் மே மாதம், துலாவர்ஷத்துக்கு (வடகிழக்குப் பருவமழை) முன் செப்டம்பர் கடைசி. மொட்டைமாடி வடிகால் வாய் சுத்தம், சன்ஷேட் மேல் வெடிப்பு, பாத்ரூம் தாழ்தளத்தில் 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திக் கசிவு சோதனை, கரையான், மின்கசிவு. இரண்டு ஆள் ஒரு நாள் வேலை, படத்தோடு ரிப்போர்ட். பொருள் செலவுக்கு வருகைக்கு இவ்வளவு ரூபாய் வரை என்று வரம்பு வையுங்கள். "எல்லா ரிப்பேரும் அடக்கம்" என்று எழுதியவர் ஒரு கசிகிற மாடியில் வருட வருமானத்தை விட்டுவிடுவார். பணம் வருடத் தொடக்கத்தில் வந்துவிடும், ரீபெயின்டிங் வேலையும் போட்டியில்லாமல் வரும். ரிப்பேருக்கு விலக்கு கிடையாது என்று சொன்னேன், பதிவு இருந்தால் 18 சதவீதம் போட்டே பில் கொடுங்கள்.

சித்தூர் மேஸ்திரி:

பஞ்சாயத்து ரோடு, ஸ்கூல் கட்டடம்னு கவர்மென்ட் வேலை எடுக்கறவங்களுக்கு என்ன சொல்றீங்க? பில்லு பாஸாகியும் காசு வர மாட்டேங்குது.

எல்லைக் கணக்கு:

டெண்டர் ரேட் போடும்போதே தாமதத்தை விலையில் ஏற்ற வேண்டும். கேரளத்தில் பாஸான பில்லை வங்கி மூலம் முன்கூட்டி வாங்குகிற பில் டிஸ்கவுண்டிங் முறை உண்டு, வட்டியில் ஒரு பகுதி ஒப்பந்தக்காரர் தலையில் விழும். அதை எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதுங்கள். டிடிஎஸ் (பில்லிலேயே பிடிக்கிற வருமான வரி) தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் 1, மற்றவர்களுக்கு 2 சதவீதம் பிடிப்பார்கள், ரிடென்ஷன் (வேலைத் தரத்துக்காக நிறுத்திவைக்கிற தொகை) குறைபாட்டுக் காலம் முடிகிற வரை நிற்கும். டிடிஎஸ்ஸும் ரிடென்ஷனும் திரும்ப வருகிற பணம்தான், ஆனால் அதுவரை அது நம் முதல். இன்னொன்று, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, உதாரணமாக பிளாக் கம்பெனிக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் அந்தச் செலவை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரியில் கழிக்க முடியும். அரசு நமக்குத் தாமதித்தது என்ற காரணம் அங்கே எடுபடாது.

நெடுஞ்சாலை நிறுவனங்கள் எடுக்கிற ஹைப்ரிட் ஆன்யுட்டி மாடல் 2016-இல் வந்தது. கட்டும்போது அரசு 40 சதவீதம், மீதி 60-ஐ நிறுவனம் திரட்டி, 15 வருடத் தவணையில் திரும்ப வாங்குகிறது. பெரிய முதல் உள்ளவர்களுக்கான மாடல் அது. நமக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்று: ரேட் பேசும் முன் பணம் வரும் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்ப்பது.

மீனாட்சிபுரம் சைட்:

நன்றி சார், நன்றி அண்ணா. மூன்று சைட் ஓடுகிறபோது எதை முதலில் மாற்றுவது? நடுவில் இருக்கிற அக்ரிமென்டைத் தொட முடியாதே.

வேலந்தாவளம் எஸ்டிமேட்டர்:

ஓடுகிற அக்ரிமென்டைத் தொடாதீர்கள். சைட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு, அல்லது குறைந்தது ஒரு தனி நோட்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தது, போனது, கடைக்குப் பாக்கி, மூன்றையும் எழுதினால் அந்த வாரம் உங்கள் பணம் எவ்வளவு உள்ளே என்று தெரியும். ஒரு சைட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போனால் கடனாக எழுதுங்கள், தேதியோடு. பில் கொடுத்த நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடைவெளியையும், இடித்துத் திரும்பக் கட்டிய வேலையின் செலவையும் அதே பக்கத்தில். அடுத்து வருகிற நான்காவது வீட்டுக்குத் தொடக்கத் தவணை அட்டவணையைப் பேசுங்கள், வங்கியின் கட்டப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு. கட்டுவேலை, பூச்சு இரண்டையும் ஒரே குழுவுக்குக் கொடுப்பதை அந்த வீட்டிலேயே ஆரம்பிக்கலாம், அதற்கு வீட்டுக்காரரின் சம்மதம் தேவையில்லை. கட்டடத் தொழிலாளர் நலவாரிய செஸ் வந்தால் அதை யார் கட்டுவது என்பதையும் எழுத மறக்காதீர்கள்.

சித்தூர் மேஸ்திரி:

ஒரே குழுன்னா பூச்சுக்கு மூட்டைக் கணக்கு யாரு வெக்கறது? ஸ்டோர் சாவி நம்ம கிட்ட இருக்கோணுமுங்களா?

தளம்_கம்பி:

சாவி சூப்பர்வைசரிடம். காலையில் அந்த நாள் பூசப் போகிற சுவரை அளந்து, 100 சதுர அடிக்கு முக்கால் மூட்டை வீதம் எடுத்துக் கொடுக்கட்டும். மாலையில் மிஞ்சினால் திரும்ப வாங்கி எழுதட்டும், போதாமல் கேட்டால் எந்தச் சுவர், எத்தனை மிமீ கனம் என்று மேஸ்திரியோடு சேர்ந்து ஆணி குத்திப் பார்த்துவிட்டுத் தரட்டும்.